நான் வாங்காத பம்ப் துவக்கு

வாங்கிய சாமான்களைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. வாங்கிய றேடியோ கறகறத்துச் செத்தது. வாங்கிய சுவர் மணிக்கூடு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தன் இஷ்டத்துக்கு ஓடியது. வாங்காமல் விட்ட ஒரு சாமானைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதை நான் வாங்கவில்லை என்று நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கும். சிலவேளை சோற்றுக்கு நடுவில் சும்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்று விடுவேன். "கறி அவ்வளவு நல்லாவா இருக்கு?" என்று என் வீட்டுக்காரி கேட்பாள். ஓம் என்று சொல்லிவிட்டுத் தின்பேன்.

அப்போது எனக்குக் கிண்ணியாவில் ஒரு சைக்கிள் கடை. கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலு கம்பு, மேலே தென்னங்கிடுகு, உள்ளே நான், வாசலில் சில்லுக் கழன்ற சைக்கிள்கள். வெள்ளைக்கார நேவி திருகோணமலையை விட்டுப் போய்க் கொஞ்சக் காலம். அவர்கள் போட்டுவிட்டுப் போன சாமான் டவுனில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒன்று கிடக்கும்: ஒரு வீட்டில் கதிரை, ஒரு வீட்டில் கண்ணாடி அலுமாரி, ஒரு வீட்டில் இங்கிலீசில் கத்தினால் மட்டும் சொல் கேட்கிற நாய். என் கடைக்கும் அவர்களுடைய சைக்கிள் மூன்று வந்தன. அவற்றைக் கழற்றிப் பூட்டியதில் எனக்குத் திமிர் பிடித்துவிட்டது. வெள்ளைக்காரன் செய்த எந்தச் சாமானும் என் கைக்கு அடங்கும் என்ற திமிர். இந்தக் கதை முழுக்க அந்தத் திமிர் செய்த வேலைதான்.

மாரி பிறந்து வில்லுகளில் தண்ணீர் கட்டினால் எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளாது. வில்லு என்று நாங்கள் சொல்வது மழைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் பெரிய பள்ளத்தை. குறிஞ்சாக்கேணிக்கு அப்பால் வயல் முடிகிற பக்கம் அப்படி இரண்டு மூன்று கிடந்தன. எங்கிருந்தோ கூட்டம் கூட்டமாகக் கிளுவை வந்து இறங்கும். கிளுவை தாராவில், காட்டு வாத்தில், சின்னச் சாதி. பார்க்க ஒன்றுமில்லை, மிளகு அரைத்துப் போட்டு ஆணமாக்கினால் தெரியும் அதன் அருமை. வாப்பா விட்டுப்போன ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று என்னிடம் இருந்தது. லைசன்சும் என் பெயரில் இருந்தது. வெள்ளிக்கிழமை கடை பூட்டு. சுபஹுத் தொழுதுவிட்டுப் போனால் ஜும்ஆவுக்கு முன் திரும்பிவிடலாம்.

எங்கள் ஆட்களுக்கு வேட்டை என்றால் துவக்கு பாதி, கத்தி பாதி. ரவை பட்டுச் செத்த பறவையை நாங்கள் தின்பதில்லை. விழுந்த பறவையில் உயிர் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து, பிஸ்மி சொல்லிக் கழுத்தை அறுத்தால்தான் அது கறி. பிந்தினால் நரிக்கு. அதனால் சுடுகிறவன் கரையில் நிற்க, கத்தியோடு ஒருவன் தண்ணீருக்குள் ஓட வேண்டும். எனக்கு ஓடியது என் மச்சான். வீட்டுக்காரியின் தம்பி. தாயும் தகப்பனும் மவுத்தான பிறகு அவளுக்குக் கூடப் பிறந்தது என்று இந்த உலகத்தில் இருந்தது அவன் ஒருத்தன்தான். களப்பில் வீச்சுவலை வீசுகிறவன். முழங்கால் சேற்றில் அவன் ஓடுவதைப் பார்த்தால் ரோட்டில் ஓடுகிறான் என்று நினைப்பீர்கள். சாரனை மடித்துக் கட்டி, இடுப்பு வாரில் கத்தியைச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிக் குந்தியிருப்பான்.

யோசித்துப் பாருங்கள், துவக்குக்கு முன்னால் ஒரு மனிதன் ஓடுகிறான். அதனால் எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. சுட்ட உடனே நான் துவக்கை முறிப்பேன். ஒற்றைக்குழல் துவக்கை நடுவில் மடித்தால்தான் தோட்டாவைப் போடலாம், எடுக்கலாம். அதைத்தான் முறிப்பது என்போம். முறித்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், வெற்றுத் தோட்டா வெளியே பாயும், குழல் கீழே தொங்கிச் சேற்றைப் பார்க்கும். அந்த 'டக்' காதில் விழுந்த பிறகுதான் மச்சான் எழும்பி ஓடுவான். வெடிச் சத்தத்துக்கு ஓட மாட்டான். இதை நாங்கள் ஒருநாளும் கதைத்துப் பேசி வைத்துக்கொண்டதில்லை. முதல் மாரியிலேயே தானாக வந்த பழக்கம்.

என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் தோப்பூரில் இருந்து வரும் ஒரு போடியார். வயல்காரர், இரட்டைக்குழல் துவக்கு வைத்திருந்தார். துறையடித் தேத்தண்ணிக் கடையில் என்னைக் கண்டால் போதும், தொடங்கிவிடுவார். "எப்பிடித் தம்பி, இந்தக் கிழமையும் ஒண்டுதானா? வீட்டில கண்டு கோவிக்கப் போறா, கறிச்சட்டிக்கு அடியில தேடவேண்டிக் கிடக்கும்" என்பார். கடை முழுக்கச் சிரிக்கும். அவர் சொன்னது பொய்யும் இல்லை. ஐம்பது கிளுவை ஒரேயடியாக எழும்பும். நான் ஒரு வெடி வைத்துவிட்டு, முறித்து, புதுத் தோட்டா போட்டு நிமிர்வதற்குள் அவை தம்பலகாமம் போய்ச் சேர்ந்துவிடும். சிரிக்கிறவர்களோடு சேர்ந்து நானும் பல்லைக் காட்டிவிட்டுக் கடைக்குத் திரும்பி யாருடைய சைக்கிளையாவது போட்டுத் தட்டுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் டவுனில் ஒரு பம்ப் துவக்கு விலைக்குக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டேன். மாதா கோயிலடியில் இருந்த ஒரு கத்தோலிக்க ஐயாவிடம். நேவி ஒபிசர்மாருக்குச் சமைத்த குசினிக்குப் பொறுப்பாக இருந்தவர். கப்பலேறும்போது ஒரு துரை அதை அவருக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இவருக்கு இப்போது கண்ணில் புகை படிந்துவிட்டது, குறி தெரியாது. போன என்னைக் கதிரையில் இருத்திக் கோப்பி தந்துவிட்டு, அலுமாரியைத் திறந்து, உடுப்புகளுக்கு நடுவில் இருந்து பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பூச்சி உருண்டை மணம் அடித்தது. விரிப்பை விலக்கினதும் எனக்குக் கை துருதுருத்துவிட்டது.

குழலுக்குக் கீழே மரப்பிடி ஒன்று. அதைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டா வெளியே பாயும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா தானாகக் குழலுக்குள் போய் உட்காரும். இழு, தள்ளு, சுடு. ஐந்து வெடி. ஐயா வெறுந்துவக்கில் இழுத்துத் தள்ளிக் காட்டினார். அந்தச் சத்தத்தைக் கேட்டபோதே போடியாரின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது.

"தம்பி, இதில ஒரு சங்கதி இருக்கு. கவனமாக் கேளுங்கோ. விசையில விரலை வச்சுக்கொண்டு..." என்று ஐயா தொடங்கினார்.

"ஐயா, நான் சில்லு அச்சுக்குள்ள உருள்ற இரும்புப் போளையைக் கண்ண மூடிக்கொண்டு எண்ணிப் போடுறவன். இதெல்லாம் எனக்குச் சொல்லத் தேவையில்ல" என்றேன்.

அவர் மரியாதையான மனிதர். வாயை மூடிக்கொண்டார். என்னைப் போன்ற ஆட்களுக்கு மரியாதை காட்டக் கூடாது. காதைப் பிடித்து இழுத்துச் சொல்ல வேண்டும்.

விலை நியாயமான விலைதான். ஆனால் என்னிடம் இருந்தது வீட்டுக்கு ஓடு போட வைத்திருந்த காசு. அதில் கை வைக்காமல் துவக்கு வராது. வீட்டில் கதையைத் தொடங்கினேன். வீட்டுக்காரி மீனை அரிந்துகொண்டே கேட்டாள்: "கடையில கிடக்கிற பம்ப் காணாதா?"

"விளையாடாத. இது ஐஞ்சு வெடி."

"மேல ஒழுகுது. நாலு மூலையிலயும் சட்டி வச்சிருக்கன். நீங்க ஓட்டுக் காசைக் கொண்டுபோய்த் துவக்கு வாங்கினா, கிளுவையைத் தேடிப் போகத் தேவையில்ல. அது தானா வந்து வீட்டுக்குள்ள நீந்தும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வந்தும் என்ன, அவள் சொன்னதில் பிழை பிடிக்க ஏலவில்லை. எழும்பி மச்சானைத் தேடிப் போனேன். அவனாவது என் பக்கம் நிற்பான் என்று நினைத்தேன். அவன் வலைக்கு ஈயக்குண்டு கட்டிக்கொண்டிருந்தான். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஐஞ்சு விழுந்தா ஐஞ்சையும் நான் எப்பிடி அறுக்கிற?" என்றான்.

"ஓடு."

"ரெண்டு கால்தானே மச்சான் இருக்கு. ஒண்ட அறுத்திட்டு நிமிர மத்த நாலும் மவுத்தாகிக் கிடக்கும். ஹராமாக்கிறதுக்கா சுடுறது?"

"துவக்கு என்ட, கால் உன்ட. அவனவன் தன்ட சாமானப் பாப்பம்" என்று வெட்டிப் பேசினேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அவனுக்குக் கோபம் வருவது குறைவு. குடும்பத்தில் அவனுடைய பங்கையும் எனக்குச் சேர்த்து அளந்துவிட்டார்கள். அடுத்த குண்டைக் கட்டிவிட்டு, "முதல்ல ஒருநாள் கேட்டு வாங்கிச் சுட்டுப் பாப்பமே. பேந்து முடிவெடுங்க" என்றான்.

அந்தப் புத்தி எனக்கு வரவில்லை, அவனுக்கு வந்தது. ஐயாவும் சம்மதித்தார். ஒருநாள் கொண்டுபோய்ப் பார், பிடித்தால் இரண்டு பேருமாகக் அரசாங்கக் கச்சேரிக்குப் போய் லைசன்சை மாற்றுவோம் என்றார். லைசன்ஸ் மாற்றாத துவக்கோடு பிடிபட்டால் என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பன்பாயில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு, களப்பைக் கடந்து கிண்ணியாவுக்குப் போகும் பாதைப்படகில் ஏறினேன். பக்கத்தில் நின்ற ஒருவர் பாயைத் தடவிப் பார்க்க வந்தார். "கலியாண வீட்டுக்கா?" என்றார். ஓம் என்றேன். ஆருக்கு என்றார். கிண்ணியாத் துறை வரும்வரை இல்லாத ஒரு மாப்பிள்ளைக்குக் குலம் கோத்திரம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிய வில்லுக்குப் போனோம். இரவு மழை பெய்து வெளித்திருந்தது. தண்ணீர் வரம்பு மட்டத்துக்கு ஏறிக் கிடந்தது. பன்புல்லுக்குள் குந்தினோம். நான் ஐந்து தோட்டாவையும் போட்டேன். மச்சான் தன் இடத்துக்குப் போக முன் துவக்கை ஒருதரம் பார்த்தான்.

"இத எப்பிடி முறிக்கிற?"

"இத முறிக்கத் தேவையில்ல. இந்தப் பிடிய இழுத்தாத் திறந்திடும்."

"சத்தம் வருமா?"

"வரும். 'கிளக்' எண்டு வரும்."

"அப்ப அந்தச் சத்தத்துக்கு ஓடவா?"

"ஓம், ஓடு" என்றேன்.

எத்தனையோ பேருக்கு எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். பாயைத் தடவிய மனிதனுக்குச் சொன்னது போல ஒன்றுக்கும் உதவாத பொய்கள். இது பொய் என்று எனக்கே தெரியாமல் சொன்னது. பழைய துவக்கில் அந்தச் சத்தம் வந்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தம். இந்தத் துவக்கில் அந்தச் சத்தம் வந்தால் அடுத்த தோட்டா வருகிறது என்று அர்த்தம். போளையைக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிறவனுக்கு அது விளங்கவில்லை.

கிளுவை வந்தது. முதலில் ஆறு ஏழு, பிறகு பெருங்கூட்டம். தலைக்கு மேலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தண்ணீரைத் தொடப் போகும்போது சுட்டேன். ஒன்று மடங்கி விழுந்தது. ஐந்து வெடி வைக்கத்தான் அந்தத் துவக்கைக் கொண்டுவந்தேன், ஓட்டுக் காசைக் கொடுக்க இருந்ததும் அதற்குத்தான். என் கை அதையெல்லாம் மறந்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம். சுட்டதும் திறக்க வேண்டும். பிடியை இழுத்தேன். 'கிளக்' என்றது. வெற்றுத் தோட்டா பாய்ந்தது. மச்சான் எழும்பி ஓடினான்.

துவக்கைத் திறந்து வைத்திருக்கிறேன் என்ற நினைப்பில் நானும் எழும்பினேன். இந்தக் குழல் கீழே தொங்காது, அது நேரே பார்த்துக்கொண்டுதான் நிற்கும் என்பதை நான் கவனிக்கவில்லை. விரல் இன்னும் விசையை அமத்திக்கொண்டிருந்தது. பழைய துவக்கில் அது குற்றமில்லை. சுட்ட பிறகு எவ்வளவு நேரம் அமத்திக்கொண்டு நின்றாலும் என்ன, உள்ளே ஒன்றுமில்லையே. பறவை எங்கே விழுந்தது என்று பார்க்க ஒரு அடி எடுத்து வைத்தேன். சேற்றில் கால் வழுக்கியது. விழாமல் இருக்க இரண்டு கையாலும் துவக்கை இறுக்கிப் பிடித்தேன். மரப்பிடி முன்னால் போனது. துவக்கு வெடித்தது.

மச்சானுக்குப் பக்கத்தில் தண்ணீர் எழும்பியது. அவன் முகம் குப்புற விழுந்தான்.

அப்போது நான் என்ன நினைத்தேன் என்று பலதரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் நினைக்கவில்லை. கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. தண்ணீருக்குள் போகக் கால் எழும்பவில்லை. வீட்டுக்காரியின் முகம் மட்டும் தெரிந்தது. அவளிடம் போய் என்ன சொல்வேன்?

மச்சான் கையை ஊன்றி எழும்பினான். முகமெல்லாம் சேறு. சேற்றை வழித்து எறிந்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"மச்சான், ரெண்டாவது எங்க விழுந்த?" என்று கேட்டான். நான் இன்னொரு பறவையைச் சுட்டேன் என்று நினைத்துவிட்டான் என்று எனக்குப் பட்டது.

போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே வரம்பில் குந்திவிட்டேன். "விழயில்ல" என்றேன்.

அவன் போய்ப் பறவையைத் தூக்கிப் பார்த்தான். அது செத்துப் போயிருந்தது. காலைப் பிடித்து வரம்புக்கு அப்பால் எறிந்துவிட்டு வந்தான். நான் குறண்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்து, "குளிரா?" என்றான். ஓம் என்றேன். துவக்கை என் மடியில் இருந்து எடுத்து, வாய் எங்கள் இரண்டு பேருக்கும் எதிர்ப்பக்கம் பார்க்க வரம்பில் கிடத்தினான். "இண்டைக்குக் காணும். வாங்க போவம்" என்றான். உள்ளே இருந்த தோட்டாக்களை வெளியே எடுக்க வேறு வழி தெரியவில்லை; ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளித்தான் எடுத்தேன். அவனைத் தூரப் போய் நிற்கச் சொல்லிவிட்டு, விரலை விசைக்குக் கிட்டவும் கொண்டுபோகாமல், வெற்றுக் காட்டைப் பார்த்துக்கொண்டு எடுத்தேன். மூன்று தோட்டா. ஒவ்வொன்றுக்கும் நபியின் மேல் ஸலவாத்துச் சொன்னேன்.

வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரி கேட்டாள்: "எப்பிடி பம்ப்?"

"வாங்கயில்ல" என்றேன்.

"மெய்யாவா?"

"ஓம். ஓடு போடுவம்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் ஒரு சண்டையும் பிடிக்காமல் தோற்றது அவளுக்குப் புதுமை. ஆனால் நோண்டவில்லை. குசினி வாசலில் மச்சான் இருந்து, அவள் சுட்ட றொட்டியைச் சம்பலோடு தின்றான். தலைமயிரில் சேறு காய்ந்து கிடந்தது. "அந்தச் சேத்தோட சாப்பாட்டில குந்தாத எண்டு எத்தினதரம் சொல்றது" என்று அவள் அவனை ஏசினாள். அவன் இன்னொரு றொட்டி கேட்டான். நான் ஒன்றும் தின்னவில்லை. அவன் மெல்லுவதையும் அவள் ஏசுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் நான் பார்த்த நல்ல காட்சி எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அடுத்த நாள் துவக்கைப் பாயில் சுற்றி டவுனுக்குக் கொண்டுபோனேன். ஐயாவுக்கு மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். "தம்பி, விசையை அமத்திக்கொண்டு பிடியைத் தள்ளினா அது தானா வெடிக்கும். நான் அண்டைக்குச் சொல்ல வந்தது அதுதான்."

"ஓம் ஐயா. நான் கேக்கயில்ல."

"நான் விட்டிருக்கக் கூடாது" என்றார். அந்த மனிதர் தன்மேல் பழி போட்டுக்கொண்டதைக் கேட்க எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. அதை இனி யாருக்கும் விற்கப் போவதில்லை, கச்சேரியில் ஒப்படைக்கப் போகிறேன் என்றார். சொன்னபடி செய்தார் என்று பிறகு அறிந்தேன். வெறுங்கையோடு பாதைப்படகில் ஏறினேன். தோள் அவ்வளவு லேசாக இருந்தது. ஆனால் மச்சானிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. துவக்குக்கு விசை தேய்ந்துவிட்டது, சாமான் சரியில்லை என்று மட்டும் சொன்னேன். தேய்ந்தது விசை இல்லை, என் புத்தி என்று சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வெள்ளிக்கிழமை நான் வேட்டைக்குப் போகவில்லை. ஒரு கிழமை தடிமன், தும்மல் என்றேன், ஒரு கிழமை சைக்கிள் வேலை கிடக்கிறது என்றேன். பழைய துவக்கை மூலையில் சாத்தியபடி விட்டிருந்தேன். மூன்றாம் கிழமை மச்சான் கடைக்கே வந்துவிட்டான், இடுப்பில் கத்தியோடு.

"போவமா?"

எனக்கு இனி ஒரு சாட்டும் கிடைக்கவில்லை. "போவம். ஆனா நீ சுடு. நான் ஓடுறன்" என்றேன்.

"உங்களுக்கு ஓட ஏலுமா?" என்று என் வயிற்றைப் பார்த்தான்.

"ஏலும்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுத் துவக்கை எடுத்தான். சுடத் தெரிந்தவன்தான், எனக்காகத்தான் ஓடுவது. வில்லில் அவனுடைய இடத்தில் போய்க் குந்தினேன். அங்கே இருந்து பார்த்தால் கரை தெரியாது, சுடுகிறவன் தெரியாது. முதுகுக்குப் பின்னால் ஒரு துவக்கு இருக்கிறது என்பது மட்டும் தெரியும். கிளுவை வந்தது. வெடித்தது. ஒன்று விழுந்து தண்ணீரில் படபடத்தது. பின்னால் அவன் துவக்கை முறிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. எழும்பி ஓடினேன்.

பத்து அடி ஓடியிருக்க மாட்டேன், திரும்பிப் பார்த்தேன். துவக்கு மடிந்து அவனுடைய முழங்கையில் கிடந்தது. குழல் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கத்தோடு பறவையை நோக்கித் திரும்பவும் ஓடினேன். கொஞ்ச தூரத்தில் கழுத்து தானாகத் திரும்பியது. திரும்பவும் பார்த்தேன். மூன்றாம் முறையும் பார்த்தேன். பறவைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது அதன் தலை தொங்கிவிட்டது. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாரி அவன் எனக்கு முன்னால் ஓடியிருக்கிறான். ஒருநாள், ஒருதரம், அவன் திரும்பிப் பார்த்ததை நான் கண்டதில்லை.

கரைக்கு வந்தேன். "மவுத்தாப் போச்சு" என்றேன்.

"திரும்பித் திரும்பிப் பாத்தா அது காத்துக்கொண்டா இருக்கும்?" என்றான்.

அவனுக்கு முன்னால் வரம்பில் இருந்தேன். இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு இரண்டாவது பறவை என்று ஒன்றும் இல்லை. விசை தேயவில்லை. ஐயா சொல்ல வந்ததைக் கேட்காமல் விட்டவன் நான். அந்தச் சத்தத்துக்கு ஓடு என்று சொன்னவன் நான். ரவை ஒரு முழம் வலப்பக்கம் போயிருந்தால் இன்றைக்கு உன் ராத்தாவுக்குக் கூடப் பிறந்தது என்று யாருமில்லை. சொல்லும்போது எனக்குக் கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"காதடியால போன ரவை எனக்குத் தெரியாமப் போகுமா, மச்சான்? அண்டைக்கு ராவு முழுக்க இந்தக் காது இரைஞ்ச."

"பேந்து ஏன் ரெண்டாவது எங்க விழுந்த எண்டு கேட்ட?"

"நீங்க நிண்ட கோலத்துக்கு வேற என்னத்தக் கேக்க? சுடுபட்டது நீங்க மாதிரி நிண்டீங்க."

அவன் எழும்பி, மடிந்து கிடந்த துவக்கை என் மடியில் வைத்தான். பிறகு கையை நீட்டினான்.

"கத்தியத் தாங்க."

"இல்ல. இனி நானே ஓடுறன்."

"நீங்க ஓடினா நமக்குக் கறி கிடைக்காது. தாங்க."

கொடுத்தேன். அவன் கத்தியை வாரில் செருகிக்கொண்டு, சாரனை மடித்துக் கட்டி, தன் இடத்தில் போய்க் குந்தினான், முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு. நான் ஒரு தோட்டாவைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கூட்டம் திரும்பி வந்தது. சுட்டேன். ஒன்று விழுந்தது. விரலை எடுத்துவிட்டு இரண்டு கையாலும் துவக்கை முறித்தேன். மச்சான் எழும்பி ஓடினான், நேரே, தலையைத் திருப்பாமல். பறவை இன்னும் சிறகடித்துக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தான். அவன் பிஸ்மி சொல்வது கரையில் நின்ற எனக்குக் கேட்டது.